வேலை இல்லாத நேரத்தில் கனடா குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு வவுனியா அண்ணன் இருக்கிறார். பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து நாலரை வருடம் ஆகிறது, குடியுரிமைக்கு வேண்டிய நாள் கணக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் வேலை பார்த்த வேர்ஹவுஸில் ஆளைக் குறைத்தபோது இவரையும் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து சிட்டிசன்ஷிப் பேச்சை எடுத்தாலே "வேலை ஒண்டு கிடைச்சாப் பிறகு போடுவம் தம்பி" என்று முடித்துவிடுவார். எட்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது. நானே வேலை இல்லாத நேரத்தில்தான் விண்ணப்பித்தேன் என்று ஒருநாள் லாண்டரி அறையில் சொன்னபோது, துணியை மெஷினில் போடுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கனடா குடியுரிமைச் சட்டத்தில் வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும், வேலையில் இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. இ.ஐ. (வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி) வாங்கினாலும் சரி, ஒன்டாரியோ வொர்க்ஸ் என்ற மாகாண உதவிப் பணம் வாங்கினாலும் சரி, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் சரி, அதை வைத்து யாரும் மறுக்க மாட்டார்கள். பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அம்மா அப்பாவை ஸ்பான்சர் செய்ய மூன்று வருட வருமானம் காட்ட வேண்டும், சோஷியல் அசிஸ்டன்ஸ் வாங்கினால் (உடல் ஊனத்துக்காக வாங்குவது தவிர) கணவனையோ மனைவியையோகூட ஸ்பான்சர் செய்ய முடியாது. அந்த விதிகளைக் கேட்டவர்கள் இதற்கும் அதேதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு சட்டம், இது வேறு.

வேலை இல்லாதவருக்குச் சிக்கல் வருவது வேறொரு இடத்தில். வேலையில் இருப்பவர் இந்த நாட்டில் இருந்தார் என்பதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளச் சீட்டு தானாகவே சாட்சி சொல்லும். நமக்கு அது இல்லை. அதனால் நம் காகிதங்களை நாமே சேர்த்து வைக்க வேண்டும், தேதிகள் துல்லியமாக இருக்க வேண்டும். மற்றபடி எல்லோருக்கும் உள்ள அதே வழிதான்.

முதலில் நாள் கணக்கு

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். ஆன பிறகு இருந்த ஒவ்வொரு நாளும் முழு நாள். அதற்கு முன்னால் ஸ்டடி பர்மிட்டிலோ வொர்க் பர்மிட்டிலோ இருந்த நாட்கள் அரை நாளாகக் கணக்கில் வரும், அப்படி அதிகபட்சம் 365 நாள் வரைதான் சேர்க்கலாம். உதாரணமாக வொர்க் பர்மிட்டில் 500 நாள் இருந்தவருக்கு 250 கிடைக்கும், மீதி 845 நாளை அவர் பி.ஆராக இருந்து முடித்தால் போதும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து பி.ஆர். கிடைத்த நாள் வரைக்கும் இதே அரை நாள் கணக்குதான். ஆனால் கேஸ் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் சேராது. இதை நம் ஆட்கள் பலர் தவறாகக் கூட்டிவிடுகிறார்கள்.

குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி. தளத்தில் இதற்கென்றே ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. அதில் ஊருக்குப் போய்வந்த தேதிகளைப் போட வேண்டும். இங்கேதான் நானே ஒருமுறை தடுமாறினேன். டொராண்டோவிலிருந்து 12ஆம் தேதி இரவு விமானம் ஏறுகிறோம், சென்னையில் இறங்கும்போது 14ஆம் தேதி விடிகாலை ஆகிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் 14 என்றுதான் முத்திரை விழும். கனடாவை விட்டுக் கிளம்பியது 12. அந்த 12தான் படிவத்தில் வர வேண்டும். திரும்பி வரும்போது சென்னையில் கிளம்பிய தேதியை விட்டுவிட்டு டொராண்டோவில் இறங்கிய தேதியைப் போட வேண்டும். கிளம்பிய நாளும் வந்து இறங்கிய நாளும் இரண்டுமே கனடாவில் இருந்த நாளாகத்தான் எண்ணப்படும், அதனால் காலையில் பஃபலோ போய் மாலையில் திரும்பினால் ஒரு நாளும் குறையாது, ஆனாலும் அந்தப் பயணத்தையும் எழுதிவிடுங்கள். கனடா விமான நிலையத்தில் பி.ஆர். திரும்பி வரும்போது முத்திரை குத்துவது அரிது, ஆகவே பழைய மின்னஞ்சலில் டிக்கெட்டைத் தேடி எடுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் எல்லைச் சேவை நிறுவனத்திடம் உங்கள் பயண வரலாற்றைக் கேட்டு வாங்கலாம்.

சரியாக 1,095 வந்ததும் அன்றே அனுப்ப வேண்டாம். ஒரு தேதி தவறினால்கூட மொத்தமும் போய்விடும், கட்டிய விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது. இரண்டு மூன்று வாரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாத சமயத்தில் ஊரில் நீண்டநாள் தங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கடந்த நான்கு வருடத்தில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாளோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள்.

இ.ஐ. வாங்கிக்கொண்டே ஊருக்குப் போனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கனடாவுக்கு வெளியே இருந்த நாட்களை இ.ஐ. ரிப்போர்ட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் முதலில் அங்கே சரிசெய்துவிட்டு வாருங்கள். இங்கே ஒரு தேதியும் அங்கே வேறொரு தேதியும் அரசாங்கத்திடமே இருப்பது நல்லதில்லை.

வருமானமே இல்லை, வரி எதற்கு?

ஐந்து வருடத்தில் மூன்று வரி ஆண்டுகளுக்கு, நீங்கள் தாக்கல் செய்யக் கடமைப்பட்டிருந்தால், வரிப் படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். "கடமைப்பட்டிருந்தால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வருமானமே இல்லாத ஆண்டுக்குச் சிலருக்குக் கடமை இருக்காது, விண்ணப்பத்திலும் ஆண்டுவாரியாகத் தாக்கல் செய்ய வேண்டியிருந்ததா, செய்தீர்களா என்று தனித்தனியாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் என் யோசனை: வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் தாக்கல் செய்துவிடுங்கள். ஒன்று, வரித் துறையான சி.ஆர்.ஏ. அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதம் கையில் இருந்தால் அந்த ஆண்டைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு, தாக்கல் செய்யாவிட்டால் குறைந்த வருமானக்காரர்களுக்கு மத்திய அரசு தரும் உதவிப் பணமும் (ஜி.எஸ்.டி. கிரெடிட் என்று சொல்வோமே) பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட்டும் வராது, வேலை இல்லாத வீட்டில் அந்தப் பணம் சின்ன விஷயமில்லை.

இ.ஐ. பணத்துக்கு வரி உண்டு, அதற்கு டி4இ சீட்டு வரும். ஒன்டாரியோ வொர்க்ஸ் பணத்துக்கு டி5007 வரும், அதைக் காட்ட வேண்டும், ஆனால் அதற்கு வரி விழாது. பழைய ஆண்டுகள் விடுபட்டிருந்தால் இப்போதும் தாக்கல் செய்யலாம். குடியுரிமைச் சட்டம் கேட்பது தாக்கல் செய்ததை மட்டும்தான், பாக்கி இருப்பதால் விண்ணப்பம் நின்றுவிடாது. பாக்கியைத் தவணையில் கட்ட சி.ஆர்.ஏ.விடம் பேசிக்கொள்ளலாம்.

குறைந்த வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக வரிப் படிவம் போட்டுக்கொடுக்கும் திட்டம் நாடு முழுக்க இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சமூக மையங்களிலும் நூலகங்களிலும் முகாம் நடக்கும். பிளாசாவில் வரிப் படிவம் போடும் கடையில் கொடுக்கும் காசை மிச்சம் பண்ணலாம்.

மொழிச் சான்று: காலி நேரத்துக்கு ஒரு பயன்

18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரியும் என்று காட்ட வேண்டும், கனடிய அளவுகோலில் நான்காம் நிலை. 55 ஆகிவிட்டால் மொழிச் சான்றும் இல்லை, குடியுரிமை டெஸ்ட்டும் இல்லை. பி.ஆருக்காக எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் முடிவு வீட்டில் இருந்தால் அதையே கொடுக்கலாம். ஆங்கில வழியில் பள்ளியோ கல்லூரியோ முடித்த சான்றும் செல்லும், வெளிநாட்டில் படித்திருந்தாலும் பரவாயில்லை. இது இரண்டும் இல்லாதவர்கள் முந்நூறு டாலருக்கு மேல் கொட்டி ஐ.இ.எல்.டி.எஸ். எழுத ஓட வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்கு மொழி கற்றுத்தர அரசு நடத்தும் லிங்க் வகுப்பு இலவசம், பேசுவதிலும் கேட்பதிலும் நான்காம் நிலை முடித்ததும் அவர்கள் தரும் சான்றிதழே போதும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. லிங்க் வகுப்பும், புதிதாக வந்தவர்களுக்காக மத்திய அரசு பணம் கொடுத்து நடத்தும் வேலை தேடும் பயிற்சிகளும் பி.ஆர். வைத்திருப்பவர்களுக்குத்தான். குடிமகன் ஆன மறுநாள் அந்தக் கதவு மூடிவிடும். ஆகவே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே ரெசுமே பயிற்சி, வகுப்பு, எது தேவையோ அதை முடித்துவிடுங்கள்.

படிவத்தில் அந்தக் கட்டம்

எல்லோரும் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். ஐந்து வருட வேலை, படிப்பு விவரத்தை மாத இடைவெளிகூட இல்லாமல் எழுதச் சொல்வார்கள். வேலை இல்லாத மாதங்களுக்கு "அன்எம்ப்ளாய்ட்" என்று எழுதி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த ஊரில் என்று போட்டால் முடிந்தது. வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தால் "ஹோம்மேக்கர்". அவ்வளவுதான். ஏன் வேலை போனது, இப்போது எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் விளக்கக் கடிதம் எழுதத் தேவையில்லை. காலியாக விட்டால்தான் விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பி வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கன்சல்டன்ட் 800 டாலர் கேட்டதோடு, பதினோரு மாத இடைவெளியை ஒரு நண்பர் கடையில் சொந்தமாக வேலை செய்ததாகக் காட்டிவிடலாம் என்று யோசனையும் சொன்னார். நல்லவேளை இவர் கேட்கவில்லை. விண்ணப்பத்திலேயே வரித் தகவலைப் பார்த்துக்கொள்ள நீங்கள் சம்மதம் கொடுக்கிறீர்கள், வரியில் இல்லாத வருமானம் படிவத்தில் இருந்தால் எவ்வளவு நேரத்தில் தெரிந்துவிடும்? பொய் சொன்னது நிரூபணமானால் விண்ணப்பம் போவது மட்டுமில்லை, ஐந்து வருடத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கவே முடியாது. இல்லாத பிரச்சினைக்குப் பொய் சொல்லி உள்ள பிரச்சினையை வாங்குவானேன்?

இதற்கு கன்சல்டன்ட்டே தேவையில்லை என்பது என் கருத்து. ஊர் ஊராகப் பயணம் போனவர், போலீஸ் கேஸ் உள்ளவர், பழைய விண்ணப்பத்தில் குளறுபடி செய்தவர் என்றால் வழக்கறிஞரைப் பார்ப்பது வேறு. மற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடலாம். இணையத்திலேயே நிரப்பலாம், பாதியில் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம்.

முகவரிக் கட்டமும் இப்படித்தான், இடைவெளி கூடாது. வேலை போனதும் வாடகை தாங்காமல் பேஸ்மென்ட்டுக்கு மாறியிருப்போம், நடுவில் இரண்டு மாதம் சொந்தக்காரர் வீட்டில் இருந்திருப்போம். அந்த இரண்டு மாதத்தையும் எழுதுங்கள்.

என்ன காகிதங்கள்

அனுப்ப வேண்டியது அதிகமில்லை: ஐந்து வருடத்தில் செல்லுபடியாக இருந்த எல்லாப் பாஸ்போர்ட்டுகளின் விவரப் பக்கமும், அடையாளச் சான்று இரண்டு, மொழிச் சான்று, கால்குலேட்டர் கணக்கு, 50க்கு 70 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், கட்டணம் கட்டிய ரசீது. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணம் இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும், அதைச் சொந்தக்காரர்கள் செய்யக் கூடாது. பி.ஆர். கார்டு காலாவதியாகியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம், இதற்காகவே புதுக் கார்டுக்கு ஐம்பது டாலர் கட்டத் தேவையில்லை. ஆனால் நடுவில் ஊருக்குப் போய்வர வேண்டியிருந்தால் கார்டு இல்லாமல் திரும்பி விமானம் ஏறுவது பெரும்பாடு.

அனுப்பத் தேவையில்லாமல், ஆனால் கையில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு கட்டு இருக்கிறது. நீங்கள் உண்மையில் இங்கே இருந்தீர்களா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் நீளமான கேள்விப் படிவம் ஒன்று அனுப்புவார்கள், அதற்கு ஆதாரம் கொடுக்கத்தான் இது. நான் ஒரு பழைய காலணிப் பெட்டியில் சேர்த்தேன். வங்கி ஸ்டேட்மென்ட், ஆனால் வாரா வாரம் மளிகைக் கடையில் 23 டாலர், 41 டாலர் என்று கார்டு தேய்த்திருக்கும் கணக்கின் ஸ்டேட்மென்ட். கையில் காசு எடுத்துச் செலவழிப்பவர்கள் கொஞ்ச நாளைக்குக் கார்டுக்கு மாறுங்கள். வாடகை ஒப்பந்தம், பேஸ்மென்ட்டுக்கு ஒப்பந்தம் இல்லை என்றால் வீட்டுக்காரரிடம் வாடகை ரசீது. பிள்ளைகளின் பள்ளிக் கடிதம். மருத்துவரைப் பார்த்த நாட்களின் பட்டியலை ஒஹிப்பில் (ஒன்டாரியோவின் மருத்துவக் காப்புறுதி) கேட்டு வாங்கலாம். இ.ஐ. விவரம், லிங்க் வகுப்பு வருகைப் பதிவு, ஒன்டாரியோ வொர்க்ஸ் மாதாந்திரச் சீட்டு. ஆமாம், எதை மறைக்க நினைக்கிறோமோ அதே சீட்டுதான் மாதாமாதம் நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்று சொல்கிறது!

பணம்

இதுதான் வேலை இல்லாதவருக்கு உண்மையான இடி. 2025 மார்ச் 31இல் பெரியவர் ஒருவருக்கு 649.75 டாலர் ஆனது. அதில் 530 விண்ணப்பக் கட்டணம், 119.75 குடியுரிமை பெறும் உரிமைக்கான கட்டணம். பின்னதை அவ்வப்போது ஏற்றுகிறார்கள், ஆகவே கட்டும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் 100 டாலர். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் அந்தக் கணக்கில் 1,499.50. 2014க்கு முன்பு அந்த 530 வெறும் 100 ஆக இருந்தது என்று நினைத்தால் வயிறு எரியும். 2019 தேர்தலில் லிபரல் கட்சி இந்தக் கட்டணத்தை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தது, நாம் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏழைகளுக்குத் தள்ளுபடி என்றும் எதுவும் இல்லை.

எல்லோரும் ஒரே சமயத்தில் போட வேண்டும் என்று விதி இல்லை. கையில் ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அவசரம் யாருக்கோ அவர் முதலில் போடட்டும். பிள்ளைகளை அப்பாவோடோ அம்மாவோடோ சேர்த்துவிடலாம், அப்படிச் சேர்க்கும் பிள்ளைக்கு 1,095 நாள் கணக்கு தேவையில்லை, பி.ஆர். இருந்தால் போதும். நாங்கள் வரி ரீஃபண்டு வந்த வாரத்தில் என் மனைவிக்குக் கட்டினோம், எனக்கு நான்கு மாதம் கழித்து. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உரிமைக் கட்டணம் மட்டும் திரும்ப வரும்.

யாருக்கு அவசரம் என்றால், அகதியாக வந்து பி.ஆர். ஆனவர்களுக்கு. இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு ஊருக்குப் போய்வந்தால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அரசு வழக்குப் போட்டு, 2012இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி பி.ஆரையே எடுத்துவிட முடியும். குடிமகன் ஆன பிறகு அந்தக் கவலை இல்லை. வவுனியா அண்ணனிடம் நான் இதைச் சொன்னதும்தான் "அப்ப கெதியாப் போடோணும்" என்றார், அவருடைய அம்மா இன்னும் ஊரில்தான்.

அனுப்பிய பிறகு

விண்ணப்பம் கிடைத்தது என்று மின்னஞ்சல் வரும், அதில் உள்ள எண்ணை வைத்து இணையத்தில் நிலையைப் பார்க்கலாம். தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும், வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் மின்னஞ்சலை, முக்கியமாக ஜங்க் பெட்டியை, தினமும் பாருங்கள். போன் பில் கட்ட முடியாமல் நம்பர் மாறிப்போகிறது, வீடு மாறுகிறோம், டெஸ்ட் அழைப்பு எங்கேயோ போய்க் கிடக்கிறது. முகவரி மாறினால் உடனே தெரிவித்துவிடுங்கள்.

டெஸ்ட்டில் 20 கேள்வி, 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் பாஸ். வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம், கேமரா முன்னால். கேள்விகள் எல்லாம் டிஸ்கவர் கனடா என்ற அரசு நூலிலிருந்து வருபவை, அது இணையத்தில் இலவசம், ஒலி வடிவிலும் இருக்கிறது. 1867இல் என்ன நடந்தது, நுனவுட் எப்போது தனிப் பிரதேசம் ஆனது, மத்திய அரசுக்கு எது பொறுப்பு, மாகாணத்துக்கு எது பொறுப்பு, இப்படி. இரண்டு தடவை நிதானமாகப் படித்தால் போதும், காசு கேட்கும் ஆப் எதுவும் வேண்டாம். தவறினாலும் மறுவாய்ப்பு தருவார்கள்.

நடுவில் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் உண்டு. போகலாம், ஆனால் உறுதிமொழி எடுக்கும் நாள் வரை நீங்கள் பி.ஆர்.தான், பி.ஆரைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதுவரை தொடரும். உறுதிமொழி எடுக்கும்போது கனடா மண்ணில் இருந்தாக வேண்டும்.

உறுதிமொழி விழா நேரிலும் நடக்கும், ஜூமிலும் நடக்கும். எனக்கு ஜூம். காலையில் சட்டை போட்டுக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன், அதிகாரி தனியறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பி.ஆர். கார்டைக் கேமரா முன்னால் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்தது பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல், அந்தப் பிளாஸ்டிக்கில் இறங்கவே இல்லை, இரண்டு கையாலும் அழுத்தி வெட்டியதை அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கத்தரிக்கோல் ஒன்றை முதல் நாளே எடுத்து வையுங்கள், சொல்வதற்கு முன்னால் வெட்டிவிடாதீர்கள். அப்புறம் மன்னர் சார்லஸ் பெயரைச் சொல்லி உறுதிமொழி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், வாய்விட்டு.

சான்றிதழ் மின்வடிவில் வேண்டும் என்று கேட்டிருந்தால் காகிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், அதை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் போடலாம், அதற்கும் நூற்றறுபது டாலருக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். சமூகக் காப்புறுதி எண்ணின் பதிவில் குடிமகன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு அன்றோடு இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடுகிறது, இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது, அதை ஒப்படைத்துச் சான்று வாங்கிய பிறகுதான் வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டுக்குப் போட முடியும். இலங்கைக்காரர்கள் இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்றால் அதற்கு இலங்கை அரசிடம் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அதை வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறார், அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை.